மாலை ஓ.பி.யில் நோட்ஸ் எழுத ஸ்கிரைப் வைத்திருக்கிறவர்கள் யாராவது உண்டா? (சேலம், ஏற்காடு)

அஸ்தம்பட்டி_ஜி.பி. கேட்டது:

வணக்கம் எல்லோருக்கும். அஸ்தம்பட்டியில் சொந்தக் கிளினிக் நடத்தும் பொது மருத்துவர் நான். மாலை ஓ.பி.யில் ஐம்பது, அறுபது டோக்கன் போகும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏற்காட்டில் ஒரு சின்னக் கிளினிக்கிலும் உட்காருகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் சுகர், பிரஷர், தைராய்டு என்று மாதாமாதம் வருகிறவர்கள், மீதி காய்ச்சல், இருமல், வயிற்று வலி.

போன வருடம் காகிதச் சீட்டை விட்டுவிட்டு கம்ப்யூட்டருக்கு மாறினேன், அன்றைக்குப் பிடித்தது சனி. நோயாளி நெஞ்சு எரிகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் மாத்திரையின் பெயரை லிஸ்டில் தேடிக்கொண்டிருக்கிறேன். "டாக்டர் என் மூஞ்சியையே பார்க்கல, அந்தப் பொட்டியத்தான் பார்த்துக்கிட்டு இருந்தாரு" என்று ஒரு பாட்டி வெளியே ரிசப்ஷனில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். கடைசி டோக்கன் போன பிறகு, விட்டுப்போன நோட்ஸை எல்லாம் ஞாபகத்திலிருந்து நிரப்பிவிட்டுக் கிளம்ப மணி பதினொன்று ஆகிவிடுகிறது.

அமெரிக்காவில் டாக்டர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பேசுவதையெல்லாம் உடனுக்குடன் எழுதுகிறார்கள், மெடிக்கல் ஸ்கிரைப் என்று தனி வேலையாகவே இருக்கிறது. அங்கே 2016இல் வந்த ஒரு ஆய்வில், நோயாளியோடு நேரில் செலவாகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் கம்ப்யூட்டரிலும் மேசை வேலையிலும் போகிறது என்று கண்டுபிடித்தார்கள். நம் கதை வேறு. 2017இல் 67 நாடுகளை வைத்து பி.எம்.ஜே. ஓப்பன் என்கிற மருத்துவ ஆய்விதழில் ஒரு தொகுப்பு வந்தது, ஒரு நோயாளிக்கு டாக்டர் கொடுக்கும் நேரம் சுவீடனில் சராசரி 22.5 நிமிடம், வங்கதேசத்தில் 48 விநாடி, நம் நாட்டில் ஏறக்குறைய இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்திலும் பாதியைக் கீபோர்டு தின்றால் என்ன வைத்தியம் பார்ப்பது?

கேட்க நினைப்பது இதுதான். நம் ஊர் ஓ.பி.யில் இதைச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? யாரை வைத்தீர்கள், எதை எழுத விட்டீர்கள், எதை விடவில்லை? மூன்றாவது ஆள் உட்கார்ந்திருந்தால் நோயாளிகள் வாய் திறக்கிறார்களா? சம்பளம் கட்டுப்படியாகுமா?

---

ராத்திரி_ஷிப்ட் பதில்:

டாக்டர், நான் அம்மாபேட்டை. பார்ம்.டி. (மருந்தியல் படிப்பு) முடித்துவிட்டு சில வருடம் வீட்டிலிருந்தே அமெரிக்க டாக்டர்களுக்கு ஸ்கிரைப் வேலை பார்த்தேன். இங்கே ஊரே தூங்கும் நேரத்தில் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, அங்கே ஏதோ ஒரு ஊரில் ஒருவர் முட்டி வலிக்கிறது என்று சொல்வதைக் கேட்டுக் கேட்டு டைப் அடிப்பது. சேலத்தில் மெடிக்கல் கோடிங் (இன்சூரன்ஸ் பில்லுக்காக நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீடு போடும் வேலை) பண்ணுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், இந்த வேலை பார்த்தவர்களும் தேடினால் கிடைப்பார்கள். ஆங்கில மருத்துவச் சொற்கள், சோப் நோட் ஃபார்மட் (நோயாளி சொன்னது, பரிசோதனையில் கண்டது, என்ன நோய், என்ன சிகிச்சை என்று நாலு பகுதியாக எழுதுவது) எல்லாம் ஏற்கனவே கைக்கு வந்தவர்கள். முதலில் அவர்களைப் பிடியுங்கள்.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஸ்கிரைப் எழுதும் நோட்டில் ஆபத்தான பகுதி தப்பாக எழுதியது அல்ல, யாரும் சொல்லாமலே தானாக வந்து உட்கார்ந்தது. சாஃப்ட்வேரில் டெம்ப்ளேட் இருக்கும். 'நார்மல்' பட்டனை ஒரு தட்டு தட்டினால் கண் நார்மல், தொண்டை நார்மல், வயிறு மென்மை, கல்லீரல் தட்டுப்படவில்லை என்று அரைப் பக்கம் நிரம்பிவிடும். டாக்டர் தொண்டையைப் பார்த்தே இருக்க மாட்டார். இன்னொன்று போன தடவை நோட்டை அப்படியே காப்பி அடிப்பது. ஆறு மாதத்துக்கு முன்னால் இருந்த கால் வீக்கம் இன்றைக்கும் நோட்டில் இருக்கும், காலில் இருக்காது. எங்களுக்கு டிரெய்னிங்கில் முதல் நாளே சொல்லித் தந்தது: டாக்டர் வாயால் சொல்லாத எதையும் எழுதாதே, காலியாக விடு. காலியாக இருந்தால் டாக்டர் கண்ணில் படும், நிரப்பியிருந்தால் படாது.

அங்கே ஆஸ்பத்திரிகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன் 2012இல் ஸ்கிரைப் ஆர்டர் போடக் கூடாது என்றே சொல்லியிருந்தது. பிறகு 2018இல் கொஞ்சம் தளர்த்தினார்கள், டாக்டர் சரிபார்த்த பிறகுதான் செல்லும் என்கிற நிபந்தனையோடு. மாத்திரை, டெஸ்ட், ரெஃபரல் (வேறு டாக்டரிடம் அனுப்புவது) இந்த மூன்றும் உங்கள் கையிலேயே இருக்கட்டும். மற்றதை விடலாம்.

பிறகு, ஆள் நிலைக்க மாட்டார். அங்கே மெடிக்கல் காலேஜுக்கு அப்ளை பண்ணும் பசங்கதான் இந்த வேலைக்கு வருகிறார்கள், சீட் கிடைத்ததும் போய்விடுவார்கள். நான் பார்த்த டாக்டர்கள் பாதிப் பேர் புது ஸ்கிரைபுக்குப் பாடம் எடுத்தே ஓய்ந்துபோனவர்கள். நீங்களும் வருடத்துக்கு ஒரு புது ஆள் என்றே கணக்கு வையுங்கள்.

---

ஆத்தூர்_பழைய_டாக்டர் பதில்:

தம்பி, பெயர்தான் புதுசு. எங்கள் காலத்து கம்பவுண்டர் பாதி ஸ்கிரைப்தான். மெடிக்கல் காலேஜ் ஓ.பி.யில் சீஃப் சொல்லச் சொல்ல ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி டாக்டர்) எழுதுகிறானே, அவன் யாராம்? சம்பளத்துக்குத் தனியாக ஒருவரை உட்கார வைக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆத்தூரில் என் கிளினிக்கில் ஒரு சிஸ்டர் ரொம்ப வருடமாக இதைச் செய்கிறார். அதில் நான் எதிர்பார்க்காத ஒரு லாபம் கிடைத்தது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். பக்கத்தில் ஒருவர் எழுதுகிறார் என்றால் நாம் பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் ஸ்டெத்தை வைப்பேன், 'ம்' என்பேன், எழுதுவேன். இப்போது வைத்துக்கொண்டே "இடது பக்கம் மூச்சு சத்தம் நல்லா இருக்கு, வலது பக்கம் அடியில மட்டும் கொஞ்சம் கரகரன்னு இருக்கு" என்று சிஸ்டரைப் பார்த்துச் சொல்கிறேன். மஞ்சினியிலிருந்து வந்த ஒரு பெரியவர் அதைக் கேட்டுவிட்டு, "ஆமாங்க டாக்டர், அந்தப் பக்கம் சாஞ்சு படுத்தாத்தான் இருமலே வருது" என்றார். அதற்கு முன் அரை மணி நேரம் கேட்டிருந்தாலும் அதைச் சொல்லியிருக்க மாட்டார். நாம் என்ன கண்டுபிடித்தோம் என்று நோயாளி காதில் விழுவதே பாதி வைத்தியம். கால் மரத்துப்போயிருக்கிறதா என்று ஊசி நுனியால் தொட்டுப் பார்த்து, "இடது கால் கட்டைவிரல்ல உணர்ச்சி குறைவு" என்று சிஸ்டருக்குச் சொன்னால், அந்த சுகர்க்காரர் மறுநாளிலிருந்து செருப்புப் போட்டுத்தான் வயலில் இறங்குகிறார். இதையே நான் அவருக்கு அறிவுரையாகச் சொன்னபோது தலையை ஆட்டிவிட்டுப் போனவர்தான்.

எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல முடியாது, அதுவும் உண்மை. கட்டியைத் தொட்டதும் சந்தேகம் வந்தால் சத்தமாகச் சொல்வீர்களா? பெண்டாட்டியை வைத்துக்கொண்டு குடியைப் பற்றிக் கேட்பீர்களா? எனக்கும் சிஸ்டருக்கும் ஒரு பழக்கம் உண்டு, "இது அப்புறம்" என்றால் அந்த இடத்தை விட்டுவிடுவார், நோயாளி போன பிறகு நானே எழுதுவேன்.

பெண் சிஸ்டராக இருந்தால் பெண் நோயாளியைப் பரிசோதிக்கும்போது துணைக்கு ஆள் ஆயிற்று என்று நினைப்பீர்கள். அதில் பாதிதான் சரி. பரிசோதனை நடக்கும்போது அவர் கம்ப்யூட்டரை விட்டு எழுந்து கட்டில் பக்கம் வந்து நிற்க வேண்டும். திரைக்கு அந்தப் பக்கம் டைப் அடித்துக்கொண்டிருப்பவர் துணை அல்ல.

---

குகை_மெடிக்கல்ஸ் பதில்:

நான் மருந்துக்கடை. கவுன்ட்டருக்கு இந்தப் பக்கத்திலிருந்து ரெண்டு வார்த்தை.

டைப் அடித்த சீட்டு வந்தால் எங்களுக்குக் கண் வலி மிச்சம், அதில் சந்தேகமே இல்லை. 2016இலேயே மருத்துவக் கவுன்சில் விதியைத் திருத்தி, ஜெனரிக் பெயரை (கம்பெனிப் பெயர் அல்ல, மருந்தின் பொதுப் பெயர்) தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லியாகிவிட்டது, எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்று எங்களைத்தான் கேட்க வேண்டும். ஆனால் கிறுக்கலாக இருந்தால் சந்தேகம் வந்து போன் போட்டுக் கேட்போம். அழகாகப் பிரிண்ட் ஆகி வந்தால் யாருக்கும் சந்தேகமே வராது, தப்பும் அழகாகப் போய்விடும். ஹைட்ராக்சிசின் என்பது அரிப்புக்கு, ஹைட்ராலசின் என்பது பிரஷருக்கு. லிஸ்டில் மேலே ஒன்று கீழே ஒன்று நிற்கும், விரல் ஒரு வரி நழுவினால் போதும். மெத்தோட்ரெக்சேட் முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு தடவைதான். ஸ்கிரைப் பழக்க தோஷத்தில் 1-0-0 (தினமும் காலையில் ஒன்று) என்று போட்டால் அந்த ஆள் தினமும் சாப்பிடுவார், அது உயிருக்கே வினை. அந்த மாத்திரைக்கு எந்தக் கிழமை என்று சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.

வெறும் பேடில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டு, பிறகு உதவியாளர் நிரப்பிக் கொடுக்கிற கிளினிக்கும் இந்த ஊரில் இருக்கிறது. மை காய்ந்து மங்கிய கையெழுத்துக்கு மேலே புதுப் பிரிண்ட். பேர் வேண்டாம். ஸ்கிரைப் வைப்பது அங்கே போய் முடிந்துவிடக் கூடாது.

இன்னொன்று, நாங்கள் போன் போட்டால் யார் எடுப்பார்? "இருங்க, டாக்டரைக் கேட்டுச் சொல்றேன்" என்று சொல்கிறவரைப் போடுங்கள். "ஆமா ஆமா, அதேதான் குடுங்க" என்கிறவர் வேண்டாம்.

---

ஜாகீர்_டெவலப்பர் பதில்:

இவ்வளவு பேச்சு எதுக்கு? ஏ.ஐ. ஸ்கிரைப் ஆப் இருக்கே. போனை மேசையில் வைத்தால் பேசுவதைக் கேட்டு நோட்ஸ் போட்டுவிடும். மாதச் சந்தா ஒரு ஆள் சம்பளத்தில் கால் பங்குகூட வராது, லீவு கேட்காது, தீபாவளி போனஸ் கேட்காது. அமெரிக்காவில் இப்போது பெரிய ஆஸ்பத்திரிகளே மாறிக்கொண்டிருக்கின்றன.

---

ராத்திரி_ஷிப்ட் பதில்:

தம்பி, எங்கள் வேலைக்கு உலை வைத்ததே அதுதான், அதனால் எனக்கு அதன் மேல் பாசம் இல்லை, இருந்தாலும் நியாயமாகவே பேசுகிறேன். அமைதியான அறை, ஒரு டாக்டர், ஒரு நோயாளி, முழு ஆங்கிலம் என்றால் நன்றாகவே எழுதுகிறது. சேலத்து ஓ.பி. அப்படியா இருக்கிறது? நோயாளி ஒரு வாக்கியம் ஆரம்பிப்பார், மகன் முடிப்பார், நடுவில் மனைவி "இல்லைங்க, அது போன மாசம்" என்பார், ஃபேன் ஓடும், வெளியே பஸ் ஹாரன். பாதி தமிழ், பாதி ஆங்கில மாத்திரைப் பெயர். இதில் யார் சொன்னது எது என்று பிரிப்பதுதான் வேலையே.

விஸ்பர் என்று பேச்சை எழுத்தாக்கும் மாடல் ஒன்று இருக்கிறதே, அதை வைத்து 2024இல் ஒரு ஆய்வு வந்தது. சுமார் நூற்றில் ஒரு ஒலித்துண்டில் யாருமே பேசாத வாக்கியங்களைத் தானாகச் சேர்த்து எழுதியிருந்தது. அதிலும் பேச்சுக்கு நடுவே அதிகம் மௌனம் விடுகிறவர்களிடம் அது கூடுதலாக நடந்தது. நம் ஓ.பி.யில் யோசித்து யோசித்துப் பேசுவது யார்? வயசானவர்கள், பக்கவாதம் வந்தவர்கள். நான் மேலே சொன்ன 'தானாக வந்து உட்கார்ந்தது' இங்கேயும் அதேதான்.

---

ஜாகீர்_டெவலப்பர் பதில்:

அதெல்லாம் பழைய கதை அக்கா, மாடல் மாதாமாதம் மாறுது. சரி, உரையாடலைப் பதிவு பண்ண வேண்டாம். நோயாளி எழுந்து போனதும் டாக்டர் இருபது விநாடி ஆங்கிலத்தில் சொல்லிவிடட்டும், அதை மட்டும் எழுத்தாக்கி ஸ்கிரைப் சரிபார்க்கட்டும். அதற்கு என்ன சொல்றீங்க?

---

ராத்திரி_ஷிப்ட் பதில்:

அதற்கு ஒன்றும் சொல்ல மாட்டேன். நல்ல யோசனை. ஆனால் அந்த ஆடியோ எந்த சர்வருக்குப் போகிறது, எவ்வளவு நாள் இருக்கிறது என்று கேட்டுவிட்டுச் சந்தா கட்டச் சொல்லுங்கள். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி பொறுப்பு கிளினிக்குக்குத்தான், ஆப் கம்பெனியைக் கைகாட்டித் தப்பிக்க முடியாது.

---

நாகலூர்_அக்கா பதில்:

நீங்கள் எல்லோரும் எழுதுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் ஏற்காடு, எஸ்டேட் ஆபீஸில் வேலை, எங்கள் ஆட்களைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் வருவது பாதி நேரம் நான்தான். டாக்டர் அறைக்குள் நேரம் எதில் போகிறது தெரியுமா? மஞ்சப்பையில்.

எங்கள் ஊர்ப் பாட்டி ஒருத்தி பையைக் கவிழ்த்தால் என்னென்ன விழும் என்று பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து கொடுத்த சுகர் மாத்திரை ஒரு கவரில். சேலம் ஜி.எச்.சில் கொடுத்தது இன்னொரு கவரில். தனியார் டாக்டர் எழுதியது ஒரு அட்டை, கத்தரியால் வெட்டியதில் பெயர் போய் '500' மட்டும் மிச்சம். மருமகனுக்கு வாங்கியதில் மீந்த வலி மாத்திரை. நடுவில் வெற்றிலைப் பாக்கு. மெட்ஃபார்மின் அரசாங்கத்து வெள்ளை மாத்திரையாக ஒன்றும், கடையில் வாங்கிய வேறு பெயரில் ஒன்றுமாக ரெண்டையும் சேர்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆளை எனக்கே தெரியும். டாக்டருக்கு அதையெல்லாம் பிரித்துப் பார்க்க நேரம் ஏது, "பழைய மாத்திரையே தொடரட்டும்" என்று எழுதிவிடுகிறார். எந்தப் பழைய மாத்திரை?

நீங்கள் ஆள் வைப்பதாக இருந்தால் முதலில் அறைக்கு வெளியே உட்கார வையுங்கள். டோக்கனுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பையைக் கவிழ்த்து, எது என்ன, எத்தனை வேளை, எதை நிஜமாகச் சாப்பிடுகிறார்கள், எதை நிறுத்திவிட்டார்கள் என்று ஒரு தாளில் எழுதி உள்ளே அனுப்பட்டும். எங்களுக்கு அவசரமும் உண்டு டாக்டர், இருட்டுவதற்குள் பஸ்ஸைப் பிடித்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறியாக வேண்டும், உள்ளே உட்கார்ந்து நிதானமாகப் பேசுகிற மனசு பாதிப் பேருக்கு இருக்காது. வெளியே திண்ணையில் என்றால் பேசுவார்கள்.

ரெண்டாவது, ஏற்காட்டு கிளினிக்குக்கு ஏற்காட்டுப் பிள்ளையையே வைக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். எங்கள் பேச்சு புரியும், வேலையும் கிடைத்த மாதிரி. ஆனால் இங்கே எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று எழுதுகிற பிள்ளை அவளுடைய சித்தி மகளாக இருந்தால் அவள் உங்களிடம் வருவாளா? டி.பி. என்று தெரிந்தால் லைன் வீட்டில் (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடு) தண்ணிக் குடத்தையே தனியாக வைத்துவிடுவார்கள். வெளியூர்ப் பெண்ணாக, மலையில் சொந்தபந்தம் இல்லாதவளாகப் பாருங்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு வேலை போகிறதே என்று எனக்கும் வருத்தம்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

---

ஆத்தூர்_பழைய_டாக்டர் பதில்:

அம்மா சொன்னதை அடிக்கோடு போட்டுப் படியுங்கள் தம்பி. சில விஷயத்தில் ரகசியம் காப்பது மரியாதைக்காக மட்டுமல்ல, சட்டமே இருக்கிறது. எச்.ஐ.வி.க்கு 2017 சட்டம், மனநலத்துக்கும் 2017 சட்டம், கருக்கலைப்புச் சட்டத்தில் 2021 திருத்தம். இந்த மாதிரி நோயாளி வந்தால் ஸ்கிரைப் எழுந்து வெளியே போக வேண்டும், அதை நீங்கள் கேட்கவே தேவையில்லாமல் நோயாளியே சொல்லும்படி கதவில் ஒரு போர்டு வையுங்கள்: 'டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டுமானால் சொல்லவும்'. என் கதவில் இருக்கிறது. நாளைக்கு ரெண்டு பேராவது கேட்கிறார்கள்.

---

செவ்வாய்ப்பேட்டை_மகன் பதில்:

டாக்டர் இல்லை நான், கொலுசுப் பட்டறை. அப்பாவுக்கு பைபாஸ் ஆனபோது நடந்ததைச் சொல்கிறேன், ஸ்கிரைப் வைக்கிறவர்களுக்கு உபயோகப்படும்.

இன்சூரன்ஸ் கிளெய்ம் போட்டோம், நிராகரித்துவிட்டார்கள். காரணம், ஒரு பழைய ஓ.பி. சீட்டில் 'சுகர் 10 வருடமாக' என்று இருந்ததாம், பாலிசி எடுக்கும்போது மறைத்துவிட்டீர்கள் என்றார்கள். அப்பாவுக்கு சுகர் கண்டுபிடித்தே பத்து மாதம்தான் அப்போது. உள்ளே எழுதிக்கொண்டிருந்த பையன் மாதத்தை வருடமாகப் போட்டுவிட்டான், டாக்டர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். முதல் முதலாக சுகர் பார்த்த லேப் ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து, டாக்டரிடம் திருத்தக் கடிதம் வாங்கி, மேல்முறையீடு செய்து, பணம் வருவதற்குள் பட்டறையில் வெள்ளியை அடகு வைத்துத்தான் ஆஸ்பத்திரி பில் கட்டினேன். இப்போது தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் தவிர, மறைத்தாய் என்று சொல்லி கிளெய்மை மறுக்க முடியாது என்று 2024இல் விதியை மாற்றியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் மாட்டுகிறவர்கள் கதி இதுதான்.

எனவே எத்தனை வருடம், எத்தனை மாதம் என்று எழுதும் இடத்தில் மட்டுமாவது நோயாளியிடம் திருப்பி ஒரு தடவை படித்துக் காட்டச் சொல்லுங்கள். யார் சொன்னது, நோயாளியா, கூட வந்தவரா என்பதையும் எழுதினால் நல்லது. கூட வந்த மச்சான் ஒரு கணக்கு சொல்வார், அப்பா வேறு கணக்கு சொல்வார்.

---

அஸ்தம்பட்டி_ஜி.பி. பதில்:

இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. மஞ்சப்பை விஷயம் பொட்டில் அடித்த மாதிரி இருக்கிறது. ஏற்காட்டு கிளினிக்கில் ஒவ்வொரு ஞாயிறும் அதைப் பார்க்கிறேன், அதை ஒரு வேலையாகப் பிரித்து வேறு ஆளிடம் கொடுக்கலாம் என்று தோன்றியதே இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் இன்னும் குழப்பம். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தில் ஐந்து ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் ஸ்கிரைப் வைத்துப் பார்த்து 2019இல் பி.எம்.ஜே.யில் எழுதியிருக்கிறார்கள், டாக்டர் ஒரு மணி நேரத்தில் பார்க்கும் நோயாளிகள் 15.9 சதவீதம் கூடினார்களாம், நோயாளி அங்கே இருக்கும் நேரம் 19 நிமிடம் குறைந்ததாம். என் கிளினிக் பார்ட்னர் இதைப் பார்த்துவிட்டு, அப்படியானால் அறுபது டோக்கனை எழுபதாக்கலாம், ஸ்கிரைப் சம்பளம் அதிலேயே வந்துவிடும் என்கிறார். ஃபீஸ் 300 ரூபாய். மாதம் 15,000 சம்பளம், 25 நாள் ஓ.பி. என்றால் நாளுக்கு 600, அதாவது கூடுதலாக ரெண்டு நோயாளி பார்த்தால் போதும். கணக்கு சரிதான். ஆனால் பத்து பேரைக் கூட்டினால் நான் எதற்காக ஆள் வைத்தேன்?

---

ஆத்தூர்_பழைய_டாக்டர் பதில்:

டோக்கனைக் கூட்டாதீர்கள். அது அவசரப் பிரிவுக் கணக்கு, அங்கே வரிசையில் ஆள் காத்திருக்கிறார், சீக்கிரம் பார்த்தால் அவருக்கு லாபம். உங்களிடம் மாதாமாதம் வருகிறவர்களுக்கு மிச்சமாகும் அந்த ஒரு நிமிடம்தான் லாபம். ரெண்டு பேர் கூட்டிச் சம்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் பார்ட்னர் கேட்டால் அவரையே எழுத உட்காரச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் நான்கு குடும்ப டாக்டர்களை வைத்து ஒரு வருடம் செய்து 2017இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. ஸ்கிரைப் இருந்தபோது டாக்டர்களுக்கு மனநிறைவு கூடியது, நோயாளிகளுக்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான்கே பேர்தான், பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் மூன்றாவது ஆள் இருந்தால் நோயாளி கோபித்துக்கொள்வாரோ என்ற உங்கள் பயத்துக்கு அது ஓரளவு பதில்.

---

ராத்திரி_ஷிப்ட் பதில்:

15,000க்கு பார்ம்.டி. ஆள் கிடைப்பது கஷ்டம் டாக்டர், வந்தாலும் கோடிங் கம்பெனியில் ஆஃபர் வந்த அன்றைக்கே போய்விடுவார். பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டன்ட் (டாக்டருக்கு உதவியாளராக இருப்பதற்கான படிப்பு) முடித்தவர்களைப் பாருங்கள், 2021 துணைநிலை சுகாதாரப் பணியாளர் சட்டத்திலும் அவர்களுக்கு இடம் இருக்கிறது, ஓ.பி. பழக்கமும் இருக்கும். வேலை நேரம் மாலை மட்டும்தான் என்றால் பகலில் படிக்கிற பிள்ளைகள்கூட வருவார்கள்.

சேர்த்ததும் நேராக உள்ளே உட்கார வைக்காதீர்கள். முதலில் வெளியே பையும் பிரஷரும் பார்க்கட்டும், மாத்திரைப் பெயர் எல்லாம் அதிலேயே பழகிவிடும். பிறகு உள்ளே வந்து, நீங்களும் எழுதுங்கள், அவரும் எழுதட்டும், ரெண்டையும் ராத்திரி ஒப்பிட்டுப் பாருங்கள். அவர் விட்டது என்ன, நீங்கள் வாய்விட்டுச் சொல்லாதது என்ன என்று தெரிந்துவிடும், பெரும்பாலும் ரெண்டாவதுதான் அதிகம் இருக்கும். ஒவ்வொரு நோட்டின் கீழேயும் எழுதியவர் பெயர், நேரம், அதற்குக் கீழே 'படித்துப் பார்த்தேன்' என்று உங்கள் பெயர். அடுத்த டோக்கனைக் கூப்பிடும் முன்னால் படித்துவிட வேண்டும். ராத்திரி மொத்தமாகப் படித்துக்கொள்ளலாம் என்று வைத்தால் பழைய பதினொரு மணிக்கே திரும்பிவிடுவீர்கள்.

---

அஸ்தம்பட்டி_ஜி.பி. பதில்:

சரி, இப்படிச் செய்யப் போகிறேன். முதல் மாதம் ஏற்காட்டில் மட்டும், கீழேயிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய் வெளியே உட்கார வைக்கிறேன், மஞ்சப்பை லிஸ்ட்டும் பிரஷரும் மட்டும் அவர் வேலை. அது ஒழுங்காக நடந்தால் அஸ்தம்பட்டியில் வாரத்தில் ரெண்டு மாலை உள்ளே. டோக்கன் அறுபத்திரண்டோடு நிறுத்தம் என்று பார்ட்னரிடம் சொல்லிவிட்டேன், முகம் சுளித்தார். மாத்திரை எழுதுவது நான்தான்.

நாகலூர் அக்கா, வெளியே திண்ணை என்றீர்களே, அந்த கிளினிக்கில் திண்ணை இல்லை, படிக்கட்டுதான் இருக்கிறது, மழை வந்தால் அதுவும் இல்லை. ரெண்டு பெஞ்சும் ஒரு தடுப்பும் போட்டால் பக்கத்தில் இருப்பவர் காதில் விழாமல் பேச முடியுமா?

---

நாகலூர்_அக்கா பதில்:

தடுப்பு போதாது டாக்டர், ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வந்தவர்கள் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். பின்பக்கம் ஊசி போடுகிற ரூம் காலையில் சும்மாதான் கிடக்கிறது, அதைக் கொடுங்கள். ஒரு மேசை, நல்ல லைட். வெட்டின அட்டையில் எழுத்து ரொம்பப் பொடிசாக இருக்கும், ஒரு பூதக்கண்ணாடியும் வாங்கி வையுங்கள்.

---

குகை_மெடிக்கல்ஸ் பதில்:

பெயர் இல்லாத அட்டையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், மாத்திரையின் கலரையும் வடிவத்தையும் பார்த்துப் பாதிக்குப் பாதி சொல்லிவிடுவேன். சொல்ல முடியாததை 'தெரியவில்லை' என்றே எழுதட்டும். குழப்புகிற பெயர்களின் லிஸ்ட் ஒன்று கடையில் ஒட்டி வைத்திருக்கிறேன், அதையும் அனுப்புகிறேன்.